ஏலவார்குழலி அப்கிரேட் ஆன விதம்

அன்னம் ஏர் நிறுவனத்தில் பயணிகள் என்று யாரும் கிடையாது. விமானத்தின் முன்பக்கம், பிசினஸ் கிளாஸில் உட்காருகிறவர்கள் விருந்தினர்கள். பின்பக்கம் உட்காருகிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழுவில் இருக்கிற எல்லாரும் முன்பக்கமே பறப்பதால் முடிவு தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

டெல்லியிலிருந்து சென்னைக்குப் போகும் ராத்திரி விமானத்தில் வீரபாகுவும் அவர் மனைவி ஏலவார்குழலியும் அந்தப் பெயரில்லாத பக்கத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறவர்கள். மகள் சங்கீதாவின் பிரசவத்துக்கு டெல்லி போய், பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். குளிர்கால டெல்லியின் புகை ஏலவார்குழலியின் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஏற்கெனவே வீசிங் உள்ளவள். அங்கே பார்த்த டாக்டர் ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, மூச்சு இழுத்தால் உடனே வாயில் வைத்து அழுத்த வேண்டும், ஊர் போய்ச் சேரும்வரை அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவள் அதை ஒரு துணிப்பையில், மகள் கட்டிக்கொடுத்த சப்பாத்திப் பொட்டலத்துக்கு மேலே வைத்துக்கொண்டாள். கைப்பை தனி.

விமானம் ஏறப்போகும் வாசலில் ஆனந்தராஜ் என்ற அன்னம் ஏர் அதிகாரி அவர்களை நிறுத்தி வாழ்த்துச் சொன்னார். சென்னைக்காரர். டை கட்டியிருந்தார். வீரபாகு பிசினஸ் கிளாஸுக்கு அப்கிரேட் செய்யப்பட்டிருக்கிறார் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பெருமையோடு விளக்கினார். இருக்கிற இருக்கைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்பது நிறுவனத்தின் வழக்கம். அது மக்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கை. எப்போதும் சிலர் வராமல் இருப்பார்கள். இன்றைக்கு எல்லாரும் வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரு ஆள் அதிகம், முன்னால் ஒரு இருக்கை காலி, கம்ப்யூட்டர் வீரபாகுவைத் தேர்ந்தெடுத்தது.

அந்த இடத்தை மனைவிக்குக் கொடுக்கச் சொன்னார் வீரபாகு. அது அவர் பெயருக்கு வந்தது, மாற்ற முடியாது என்றார் ஆனந்தராஜ். அப்படியென்றால் எனக்கு வேண்டாம், அவளோடு பின்னாலேயே எங்கேயாவது ஒடுங்கிக்கொள்கிறேன் என்றார் வீரபாகு. ஆனந்தராஜ் திரையை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்கிரேடை ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. மறுப்பதற்குப் பொத்தான் இல்லை.

"இதுவரைக்கும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல சார். அதனால அந்த வசதிய நாங்க உருவாக்கல."

அடுத்தது பை. பின்பக்கத்துக்கு ஒருவருக்கு ஒரு பைதான். ஏலவார்குழலியிடம் கைப்பையும் துணிப்பையுமாக இரண்டு இருந்தன. வீரபாகு வெறுங்கையோடு நின்றார். முன்பக்கத்துக்கு இரண்டு அனுமதி. ஆனந்தராஜ் அவள் தோளிலிருந்து துணிப்பையைக் கழற்றி வீரபாகுவின் தோளில் மாட்டி, அதன் கைப்பிடியில் தங்க நிற அட்டை ஒன்றைக் கட்டினார். பையும் அப்கிரேட் ஆகிவிட்டது.

"பம்ப்பு அதுல இருக்குதுபா," என்றாள் ஏலவார்குழலி.

"உள்ள போனதும் குடுத்தனுப்புறேன்," என்றார் வீரபாகு.

"ஒரே வண்டிதான. நீங்க போங்க, ஒரு தடவ ராசாவாட்டம் உக்காந்துனு வாங்க. நான் தூங்கிடுவேன்."

விருந்தினர்களுக்குத் தனி வழி. கயிற்றை அவிழ்த்து, ஒரு சிவப்புப் பாயின் மேல் நடக்க வைத்தார்கள். பாய் கொஞ்ச தூரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு வழியும் ஒன்றாகி, விமானத்தின் கதவுக்குக் கொண்டுபோகும் ஒரே கூண்டுக்குள் போயின. பாயின் மேல் கடைசி விருந்தினர் கடந்து, பாயை ஒருமுறை பெருக்கிய பிறகே மற்றவர்களை விட்டார்கள். அதற்குள் வீரபாகு உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

முன்பக்கம் மொத்தம் எட்டு பேர். இருக்கை ஒவ்வொன்றும் படுக்கையாக விரியும். வீரபாகுவுக்குப் பக்கத்தில் டாக்டர் சிவராஜ் என்ற நுரையீரல் நிபுணர். டெல்லிப் புகையும் மனித மூச்சும் என்ற தலைப்பில் நட்சத்திர ஓட்டலில் நடந்த மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்புவதாக அவரே பணிப்பெண்ணிடம் சொன்னார். பிறகு கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, இருக்கையின் மேல் 'எழுப்ப வேண்டாம்' என்ற சிவப்பு ஒட்டியை ஒட்டிவிட்டுப் படுத்தார். விமானம் அப்போது நகரக்கூட ஆரம்பிக்கவில்லை.

பணிப்பெண் திரிஷா ஒரு தட்டில் ஆவி பறக்கும் வெள்ளைத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். இடுக்கியால் ஒன்றை எடுத்து, உடம்பை வளைத்து வீரபாகுவின் முன்னால் நீட்டினாள். தட்டு, மடித்த துணி, பெயர் சொல்லி வரவேற்பு. வீரபாகுவுக்கு இது தெரிந்த விஷயம். ஏகாம்பரநாதர் கோயிலில் பெரிய மனிதர்கள் வந்தால் பரிவட்டம் கட்டுவார்கள். சாமிக்குச் சார்த்திய துணியைத் தலையில் சுற்றி மரியாதை செய்வது. தன் வாழ்க்கையில் அது தனக்கு நடக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கைகூப்பி, தலையைக் குனித்துக் கொடுத்தார்.

விருந்தினர் எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்பது திரிஷாவுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம். துண்டை அவர் தலையில் சுற்றினாள். சுடுதண்ணீர் காதில் வழிந்தது. வீரபாகு அசையவில்லை. அந்தக் கணத்திலிருந்து அவருக்கு அந்த இடத்தில் குரல் எழுப்புவது கஷ்டமாகிவிட்டது. மரியாதை செய்தவர்களிடம் சத்தம் போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

இருந்தாலும் பையை எடுத்து, இதைப் பின்னால் என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடு அம்மா என்றார். விமானம் மேலே ஏறிய பிறகு என்றாள் திரிஷா. ஏறியதும் மறுபடி கேட்டார். அவள் போய் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கும் நீலத் திரையை இழுத்து மூடினாள், அதன் ஓரத்துக் கொக்கியை மாட்டினாள், திரும்பி வந்து, இப்போது திரை போட்டாயிற்று சார் என்றாள்.

திரை போட்டால் எதுவும் கடக்கக் கூடாது. போன வருஷம் ஒரு விருந்தினர் தனக்குக் கொடுத்த வறுத்த முந்திரியைப் பின்னால் இருந்த மைத்துனனுக்குக் கொடுத்தனுப்பினாராம். முந்திரி சூடாக இருந்தது. வாசனை ஐந்து வரிசைக்குப் போய், எங்களுக்கு ஏன் இல்லை என்று பின்பக்கம் கேள்வி எழும்பியது. அன்றிலிருந்து முன்னாலிருந்து பின்னால் ஒரு துரும்பும் போகாது.

"இது முந்திரி இல்லமா. மருந்து."

"புரியுது சார். ஆனா முன்னாடியிருந்து போகுதே."

அவர் எழுந்தார். அவள் சிரித்த முகத்தோடு எதிரில் நின்று, தலைமைப் பணிப்பெண் ஷாரோன் மேடத்திடம் சொல்கிறேன் என்று உட்கார வைத்தாள். ஷாரோன் உடனே வரவில்லை. இரவு உணவின் சீஸ் தட்டில் திராட்சை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் சமையல் அறையில் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது.

பின்னால் நடந்ததை ஏலவார்குழலிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பிரவீனா பிறகு எல்லாரிடமும் சொன்னாள். அவள் கால்நடை மருத்துவர். காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலில் வேலை. ஏலவார்குழலிக்குக் காஞ்சிபுரம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு ஏலவார்குழலிக்கு இருமல் ஆரம்பித்தது. இருமல் நின்று இழுப்பு வந்தது. தோள் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பிரவீனா மணியை அழுத்தினாள். பின்பக்கப் பணிப்பெண் அனு வந்தாள். மருந்து முன்னால் இருக்கிறது என்றதும் அனு முன்பக்கத்துக்கு ஃபோன் போட்டாள். இரவு நேரத்தில் முன்பக்கத்து ஃபோன் அடிக்காது. விளக்கு மட்டும் எரியும். அந்த விளக்கு விருந்தினர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதன் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். நீயே போய் எடுத்து வா என்றாள் பிரவீனா. அனுவின் கழுத்தில் இருந்தது நீல ஸ்கார்ஃப். திரைக்கு அந்தப் பக்கம் போக மஞ்சள் ஸ்கார்ஃப் வேண்டும்.

ஏலவார்குழலி எழுந்துவிட்டாள். பிரவீனாவும் பின்னாலேயே எழுந்தாள். அதற்குள் கப் நூடுல்ஸ் விற்கும் வண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. ஏலவார்குழலி அதற்கு முன்னால் போய்விட்டாள், பிரவீனா பின்னால் மாட்டிக்கொண்டாள். சில்லறை கொடுத்து முடியும்வரை வண்டி நகராது என்று அதைத் தள்ளியவன் சொன்னான்.

ஏலவார்குழலி இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து திரை வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்றாள்.

அவள் ஏன் அந்தத் திரையைத் தள்ளவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கொக்கி ஒரு விரலுக்குக்கூடத் தாங்காது. காஞ்சிபுரத்தில் யாரும் கேட்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் திரைக்கு முன்னால் நின்றவள். உள்ளே அபிஷேகம் முடிந்து அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள். போட்டால் நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, துணியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு முடிந்ததும் அவர்களே திறப்பார்கள். எவ்வளவு நேரமானாலும் திறப்பார்கள். அவளுக்கு விமானம் எது கோயில் எது என்று தெரியாமல் இல்லை. ஆனால் எதிரே இழுத்து மூடிய திரை, உள்ளே மெல்லிய வெளிச்சம், தட்டுகள் உரசும் சத்தம், நெய்யில் எதையோ வதக்கும் வாசனை. கை தானாகப் பின்வாங்கியிருக்கும். அவள் வழியை மறைக்காமல், கோயிலில் பெண்கள் நிற்கும் இடது ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

பின்பக்கத்து முதல் வரிசையில் இருந்தவர் அவள் கழிவறைக்குக் காத்திருப்பதாக நினைத்தார். "பாத்ரூம் பின்னாடிமா," என்றார். அவள் தலையாட்டினாள். பேச மூச்சு இல்லை.

திரைக்கு உள்ளே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், வீரபாகு நிமிர்ந்து உட்கார்ந்தார். எஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒரு சீழ்க்கை கேட்டது. திரிஷாவைக் கூப்பிட்டார். அவள் காது கொடுத்துக் கேட்டு, அது ஏசி என்றாள்.

"ஏசி இல்லமா. அவளுக்கு இழுக்குது. முப்பது வருஷமா பக்கத்துல படுத்துக்கினு கேட்டுக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் ஷாரோன் வந்தாள். திராட்சை வலது பக்கம் என்று முடிவாகியிருந்தது. வீரபாகு இன்ஹேலரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஷாரோன் அவர் இருக்கையின் பக்கத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். விருந்தினரிடம் கண் மட்டத்துக்குக் கீழே இருந்துதான் பேச வேண்டும். அவள் கீழே உட்கார்ந்துவிட்டதால் வீரபாகுவும் உட்கார வேண்டியிருந்தது.

"ஐயா, நீங்க அத வெறும் துணின்னு நெனைக்கிறீங்க. அது நாங்க குடுத்த வாக்கு. இங்க இருக்குறவங்க எதுக்கு இவ்ளோ குடுத்து டிக்கெட் எடுக்குறாங்க? வண்டி எல்லாருக்கும் ஒரே நேரத்துல தான் போய்ச் சேருது. அப்ப அவங்களுக்கு நாங்க தர்றது என்ன? பின்னாடி யாரோ இருக்காங்கங்குற நெனப்பு வராத மூணு மணி நேரம். அவ்ளோதான். அந்தத் திரைய நான் பாதியில தொறந்தேன்னு வைங்க, இது வெறும் பெரிய சீட்டு. பின்னாடி இருக்குறவங்களுக்கும் இதுதான் நல்லது. பார்த்தா ஏக்கம் வரும். அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மூடி வெக்கிறோம். இத ஒரு அம்மாவோட அக்கறையாப் பாருங்க."

"அவ செத்துருவாமா."

"அப்படி யாரும் எங்க ஏர்லைன்ல இதுவரைக்கும் போனதில்ல ஐயா," என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். கேப்டனிடம் அனுமதி கேட்டிருப்பதாகவும், கேப்டன் இப்போது ஓய்வில் இருப்பதாகவும், அவர் கண் திறந்ததும் மருந்தைத் தானே கொண்டுபோய்த் தருவதாகவும் சொன்னாள். தட்டில் வைத்தா கையிலா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வீரபாகு பக்கத்தில் படுத்திருந்த டாக்டரைப் பார்த்தார். அவர் தோளைத் தொடக் கை நீட்டினார். திரிஷா அந்தக் கையை நடுவழியில் பிடித்துக்கொண்டாள். சிவப்பு ஒட்டியைக் காட்டினாள். நெருப்புப் பிடித்தால்தான் எழுப்பலாமா என்று கேட்டார். அதற்கும் கேப்டன் சொல்ல வேண்டும் என்றாள்.

அப்போது சீழ்க்கை நின்றது.

பாருங்கள், சரியாகிவிட்டது என்றாள் ஷாரோன். உடனே திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. பின்னால் பைகள் அடிக்கடி விழும் என்றாள் திரிஷா.

திரையைக் கிழித்துக்கொண்டு வந்தவள் பிரவீனா. நூடுல்ஸ் வண்டியின் மேல் ஏறிக் குதித்து வந்திருந்தாள். புடவை முழுக்கச் சாறு. கொக்கி தெறித்துச் சீஸ் தட்டில் விழுந்தது. திரை இருந்த இடத்தில் ஏலவார்குழலி இடது பக்கமாகச் சரிந்து கிடந்தாள். வீரபாகு எழுந்து ஓட வேண்டிய தூரம் எதுவும் இல்லை. இரண்டு அடி. இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினார். மருந்து புகைபோல வந்தது, உதட்டிலிருந்து வெளியே வழிந்து போனது. அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமானால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். "இழு குழலி, இழு," என்று மறுபடி மறுபடி அழுத்தினார். நெடுநேரம் அழுத்தினார். பிரவீனா அவரை விலக்கிவிட்டு நெஞ்சில் கைவைத்து அமுக்க ஆரம்பித்தாள். விமானத்தில் யாராவது டாக்டர் இருக்கிறார்களா என்று ஷாரோன் மைக்கில் கேட்டாள். பின்பக்க ஒலிபெருக்கியில் மட்டும். முன்னால் தூங்குகிறார்கள்.

ரொம்ப நேரம் கழித்துப் பிரவீனா கையை எடுத்தாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள்.

"போயிட்டாங்க," என்றாள்.

நீங்கள் யார் என்று கேட்டாள் ஷாரோன். கால்நடை மருத்துவர் என்றதும் அவள் முகம் தெளிந்தது. மாட்டு டாக்டர் சொல்வதை நிறுவனம் ஏற்றுக்கொள்ள முடியாது. மனிதருக்கான டாக்டர் வந்து சொல்லும்வரை அந்த அம்மா உயிரோடிருக்கும் பயணி. மனிதருக்கான டாக்டர் மூன்றடி தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நேரத்துக்குப் பிறகு இப்போது எழுப்பினால் ஏன் முதலிலேயே எழுப்பவில்லை என்று கேட்பார். எழுப்பாமல் இருப்பதே அவருக்கும் மரியாதை.

உயிரோடிருக்கும் பயணி நடைபாதையில் படுத்திருக்கக் கூடாது. தரை இறங்கும்போது எல்லாரும் இருக்கையில் பெல்ட்டோடு இருக்க வேண்டும். இந்த அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாது. படுக்கையாக விரியும் இருக்கை முன்பக்கத்தில்தான் உண்டு. ஷாரோன் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து, பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, வீரபாகுவிடம் வாழ்த்துச் சொன்னாள்.

"உங்க மனைவிய பிசினஸ் கிளாஸுக்கு அப்கிரேட் பண்றோம் ஐயா. எந்தக் கட்டணமும் இல்லாம."

எட்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. காசு கொடுத்த விருந்தினரை இறக்க முடியாது. இலவசமாக ஏறியவர் ஒருவர்தான். ஷாரோன் அவருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே இடம்தான், வேறு யாருக்கோ போகவில்லை, குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது, சந்தோஷமான விஷயம். பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறேன் என்றார் வீரபாகு. நிற்பதற்கு முன்பக்கத்தில் இடம் ஒதுக்கவில்லை. கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். விருந்தினர்கள் கண் விழிக்கும்போது தரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது.

ஏலவார்குழலியை நான்கு பேர் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். இடுப்பில் பெல்ட் மாட்டினார்கள். திரிஷா மெத்தைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவள் பயிற்சியில் இப்படி ஒரு விருந்தினரைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. அதனால் எல்லாருக்கும் செய்வதைச் செய்தாள். குனிந்து, டிக்கெட்டில் பார்த்துப் பெயரைத் தட்டுத்தடுமாறிப் படித்து, வருக மேடம் என்றாள். மாதுளைச் சாறு ஒரு தம்ளர் வைத்தாள். வேறொரு திரையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இதற்குக் கொக்கி இரண்டு.

வீரபாகுவை மனைவியின் இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. பிரவீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அழவில்லை. இன்ஹேலரை இன்னும் பிடித்திருந்தார். விரல் அவ்வப்போது தானாக அழுத்தியது. எதிர் இருக்கையின் முதுகில் கொஞ்சம் புகை படிந்து மறைந்தது. அனு வந்து, சாப்பிட ஏதாவது வேண்டுமா, ஆனால் நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது என்றாள்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் டாக்டர் சிவராஜ் கண்பட்டையைக் கழற்றினார். நல்ல தூக்கம். பக்கத்தில் போர்வை போர்த்தி ஒரு பெண்மணி படுத்திருப்பதைப் பார்த்தார். ஏறும்போது யாரோ ஆண் உட்கார்ந்திருந்த ஞாபகம். அதைப் பற்றி யோசிக்கவில்லை. சாறு தொடப்படாமல் இருந்தது. எழுந்து, சத்தமில்லாமல் பெட்டியை இறக்கினார். திரிஷாவிடம் குனிந்து ரகசியக் குரலில் சொன்னார்.

"பாவம், அசந்து தூங்கறாங்க. கடைசி வரைக்கும் எழுப்பாதீங்க."

சரி சார் என்றாள் திரிஷா.

விமானம் நின்றது. வீரபாகு எழுந்து முன்னால் ஓடினார். பாதி தூரத்தில் அனு வழிமறித்தாள். விருந்தினர்கள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள். அதுவரை திரை திறக்காது. அவர் அங்கேயே, நடைபாதையில் நின்றார். திரைக்கு அடியில் ஒரு சக்கர நாற்காலியின் சக்கரங்கள் தெரிந்தன. பெல்ட் கழற்றும் சத்தம் கேட்டது. யாரோ மெதுவா, மெதுவா என்றார்கள். சக்கரங்கள் நகர்ந்து போயின.

அவர் நின்ற இடத்து வரிசையில், ஏறியதிலிருந்து தூங்கிக்கொண்டு வந்த ஒருவர் இப்போதுதான் விழித்து, காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கொட்டாவி விட்டார். வீரபாகு திரையையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, முன்னாடி யாராவது தெரிஞ்சவங்களா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி இருக்குறா."

"பிசினஸ் கிளாஸ்லயா? நீங்க இங்க, அவங்க மட்டும் அங்கயா?" அவர் சிரித்தார். "குடுத்து வெச்சவங்கதான் சார்."